மூச்சை எண்ணும் சுவர்

நர்ஸ் '18' என்று எழுதினார்.

இரவு இரண்டே கால் மணி. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டு. கட்டிலில் அம்மா. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். அந்தப் பெண் வந்தார், கையில் பி.பி. பட்டையைச் சுற்றினார், விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினார், தெர்மாமீட்டரை வைத்து எடுத்தார். எல்லா எண்களையும் சார்ட்டில் ஏற்றினார். கடைசியாக 'ரெஸ்பிரேஷன்' என்று ஒரு கட்டம். அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதில் 18 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் போர்வை ஏறி இறங்குவதை, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு 26. சந்தேகத்துக்கு இன்னொரு முறை. 27.

சார்ட்டைப் புரட்டினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு 18. ராத்திரி பத்து மணிக்கு 18. பக்கத்துக் கட்டில் சார்ட்டையும் எட்டிப் பார்த்தேன். (பார்க்கக் கூடாதுதான்.) அங்கேயும் 18. அந்த வார்டில் அன்றைக்கு எல்லாருமே குடியரசு தின அணிவகுப்பு மாதிரி ஒரே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சிஸ்டர், அம்மா ரொம்ப வேகமா மூச்சு விடறாங்க."

"சேச்சுரேஷன் 95 இருக்கு சார். நல்லாத் தூங்கறாங்க. டிஸ்டர்ப் பண்ணாதீங்க."

காலை எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், கட்டில் அருகே நின்று ஒரு நிமிடம் பார்த்தார். முகம் மாறியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். நிமோனியா. அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் வீணாகிப் போயிருந்தது.

அந்த நர்ஸைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அன்றிரவு அவர் ஒருவருக்கு இருபது கட்டில். ஆளுக்கு ஒரு நிமிடம் மூச்சை மட்டும் எண்ணினாலே இருபது நிமிடம் போய்விடும். அதற்குள் நாலு டிரிப் தீர்ந்திருக்கும், ரெண்டு பேர் பெட்பான் கேட்டிருப்பார்கள்.

ஆனால், ஒன்று. நான் படித்தது பி.காம். ஆடிட்டிங் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வவுச்சர் இல்லாத என்ட்ரியை நம்பாதே என்பது. அந்த 18, வவுச்சர் இல்லாத என்ட்ரி.

அப்புறம் படித்துப் பார்த்ததில், இது உலகம் முழுக்க உள்ள வியாதி என்று தெரிந்தது. ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் 2008-ல் வந்த கட்டுரை, மூச்சு வேகத்தைப் 'புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி' என்று தலைப்பிலேயே சொல்கிறது. காரணம் எளிது. பி.பி.க்கு மெஷின் இருக்கிறது. நாடித் துடிப்புக்கு, ஆக்ஸிஜனுக்கு, ஜுரத்துக்கு எல்லாம் மெஷின் இருக்கிறது. மூச்சுக்கு மட்டும் ஒரு மனுஷர் வாட்ச்சோடு நின்று எண்ண வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், உடம்பு கெடும்போது பல சமயம் முதலில் மணி அடிப்பது மூச்சுதான். வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிஸிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து, 2017-ல் திருத்திய 'நியூஸ்' என்ற மதிப்பெண் முறை ஒன்று உண்டு. அதில் மூச்சு 25-ஐத் தொட்டால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். இந்தத் தேர்வில் மார்க் ஏற ஏற ஆபத்து. வேறு எல்லாம் சரியாக இருந்தாலும், இந்த ஒரு 3-க்காகவே அவசரமாக வந்து பார்க்க வேண்டும் என்கிறது விதி. அம்மாவுக்கு 26.

இந்த இடத்தில்தான் அந்தப் பெட்டி வருகிறது.

*

டமாஸ்கஸில் பிறந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருப்பவர் டினா கதாபி. 2015-ல் அவரும் ஃபாதெல் அதீப் முதலான அவருடைய மாணவர்களும் 'வைட்டல் ரேடியோ' என்று ஒரு கருவியைக் காட்டினார்கள். உடம்பில் எதையும் மாட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம், கேமராவும் வேண்டாம். அறையில் ஒரு மூலையில் பெட்டி இருக்கும். எட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் மூச்சையும் இதயத் துடிப்பையும் அது எண்ணும். அடுத்த அறையில் இருந்தாலும் எண்ணும். சுவர் ஒரு தடையில்லை.

எப்படி? ரேடியோ அலையை அனுப்புகிறது. அது நம் மேல் பட்டுத் திரும்பி வருகிறது. நாம் மூச்சை இழுக்கும்போது நெஞ்சு சில மில்லிமீட்டர் முன்னால் வருகிறது. அலை திரும்பி வரும் தூரம் அந்த அளவுக்குக் குறைகிறது. மூச்சை விடும்போது கூடுகிறது. அந்த அலையின் நீளமே ஐந்து சென்டிமீட்டர்தான் என்பதால், சில மில்லிமீட்டர் வித்தியாசம்கூட அதற்குப் பெரிய விஷயம். இதயத் துடிப்பால் தோல் அசைவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கல்யாண மண்டபத்து இரைச்சலில் ஒரே ஒரு கொலுசுச் சத்தத்தைத் தனியாகப் பிரிப்பது மாதிரி, கணக்குப் போட்டு அதையும் பிரித்துவிடுகிறார்கள்.

'ஐயோ, ரேடியேஷன்!' என்று பயப்படுகிறவர்களுக்கு: வைட்டல் ரேடியோ அனுப்பும் சக்தி ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் அதைவிட நூறு மடங்குக்கு மேல் அனுப்பக்கூடியது.

இந்த வித்தை புத்தம் புதிது என்றும் சொல்ல முடியாது. மைக்ரோவேவ் கொண்டு மூச்சை அளக்கலாம் என்று 1975-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை வந்திருக்கிறது. 2015 நேபாள பூகம்பத்தில், நாஸாவின் ஜே.பி.எல். உருவாக்கிய 'ஃபைண்டர்' என்ற ரேடார், சௌதாரா என்ற ஊரில் இடிபாடுகளுக்குள் புதைந்து கிடந்த நான்கு பேரின் இதயத் துடிப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. நான்கு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். இதற்கு மேல் என்ன சர்டிஃபிகேட் வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020-ல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, பாஸ்டன் அருகே ஒரு முதியோர் இல்லத்தில், தொற்று வந்த ஒருவரின் அறையில் கதாபி குழுவின் 'எமரால்ட்' பெட்டியை வைத்தார்கள். யாரும் உள்ளே போகாமலேயே அது எண்ணிக்கொண்டிருந்தது. நோயாளி தேறத் தேற, மூச்சு 23-லிருந்து 18-க்கு இறங்கியதைக் காட்டியது.

அந்த 18-ஐப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. அது எண்ணி எழுதிய 18. வவுச்சர் உள்ள என்ட்ரி.

*

சரி, அப்புறம் என்ன? எல்லா ஆஸ்பத்திரியிலும், எல்லா வீட்டிலும் மாட்டிவிட வேண்டியதுதானே?

கொஞ்சம் பொறுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பதைப் படித்தாயிற்று. சின்ன எழுத்தையும் படிப்போம்.

வைட்டல் ரேடியோவின் துல்லியம் சுமார் 99 சதவிகிதம் என்று அந்த ஆய்வு சொல்கிறது. பொய் இல்லை. ஆனால், எந்த நிலையில் 99? சோதனைக்கு வந்தவர்கள் அதிகம் அசையாமல் இருந்தார்கள். ஒருவருக்கு மேல் இருந்தால், ஒருவருக்கொருவர் ஓரிரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நடந்தால், புரண்டால், கையை வீசினால், அந்தப் பெரிய அசைவில் நெஞ்சின் சின்ன அசைவு மூழ்கிப்போகும். இதை ஆராய்ச்சியாளர்கள் மறைக்கவில்லை, கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மறைப்பது, அதைப் பிறகு விற்க வருகிறவர்கள்.

நம் பொது வார்டை நினைத்துப் பாருங்கள். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஸ்டூல் போடக்கூட இடம் இருக்காது. கட்டிலில் நோயாளி, கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மருமகள், காலடியில் உட்கார்ந்து தூங்கும் பேரன். மேலே ஃபேன். நாலு பேர் எப்போதும் நடந்துகொண்டிருப்பார்கள். இதில் எது யாருடைய மூச்சு என்று பெட்டி திணறும். நோயாளி வலியில் புரளும்போதுதான் நமக்கு எண் தேவை. பெட்டிக்குக் கஷ்டமான நேரமும் அதுதான்.

இன்றைக்குக் கடைக்கு வரும் பெட்டிகள் ஆக்ஸிஜன் அளவையும் சொல்வதில்லை. ஆக்ஸிமீட்டரை வீசிவிட்டு இதை மாட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது, மணி அடிக்கும் பிரச்னை. எண் எல்லையைத் தாண்டினால் பெட்டி அலறும். அலறினால்? அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், 2013-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை, மானிட்டர் அலாரம் தொடர்பாக அவர்களிடம் பதிவான சம்பவங்கள் 98. அதில் 80 மரணம். அலாரம் அடிக்காமல் போனது மட்டும் காரணம் இல்லை. தேவையில்லாமல் அடித்து அடித்து, கேட்கிறவர்களின் காது மரத்துப்போனதும் ஒரு முக்கியக் காரணம். அடிக்கும் அலாரங்களில் 85 முதல் 99 சதவிகிதத்துக்கு யாரும் எதுவும் செய்யத் தேவையே இருக்காது என்கிறது அதே எச்சரிக்கை. 'புலி வருது, புலி வருது' கதைதான்.

இருபது கட்டிலுக்கு ஒரு நர்ஸ் என்கிற கணக்கை மாற்றாமல், இருபது பெட்டியை மட்டும் மாட்டினால் என்ன ஆகும்? பொய்யான 18-க்குப் பதில் நிஜமான 26 கிடைக்கும். வந்து பார்க்க ஆள் இருக்காது.

*

மூன்றாவது விஷயம்தான் எனக்கு அதிக உறுத்தல்.

லியோன் தெரமின் என்று ஒரு ரஷ்ய விஞ்ஞானி. 1920 வாக்கில், தொடாமலே வாசிக்கும் ஒரு வாத்தியத்தைக் கண்டுபிடித்தார். காற்றில் கையை அசைத்தால் இசை வரும். 1922-ல் லெனினுக்கே வாசித்துக் காட்டினார். அதே தெரமின் பிற்பாடு ஸ்டாலின் ஆட்சியில் கைதியானார். ரகசிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. 1945-ல் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்கு, மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசளித்தார்கள். தூதர் அதை வீட்டில் மாட்டிவைத்தார். அதற்குள் தெரமின் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. பேட்டரி கிடையாது, வயர் கிடையாது. உள்ளே ஒரு மெல்லிய சவ்வு மட்டும். யாராவது பேசினால் அது அதிரும். வெளியிலிருந்து ரேடியோ அலையை அடிப்பார்கள். திரும்பி வரும் அலையில் அந்த அதிர்வு, அதாவது பேச்சு, இருக்கும். 1952 வரை யாருக்கும் தெரியவில்லை.

சவ்வு இருந்த இடத்தில் உங்கள் நெஞ்சை வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை ஒன்றேதான். ஒரே மனிதரின் மூளையிலிருந்து சங்கீதமும் வந்தது, வேவும் வந்தது.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்கப் போலீஸ், சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்று மூச்சசைவை வைத்தே கண்டுபிடிக்கும் 'ரேஞ்ச் ஆர்' என்ற கையடக்க ரேடாரைப் பயன்படுத்துவது, 2014 கடைசியில் ஒரு கோர்ட் தீர்ப்பு வழியாகத்தான் பரவலாக வெளியே தெரிந்தது. அதற்கு முன்பே பல போலீஸ் துறைகள் அதை வாங்கி வைத்திருந்தன.

ஆஸ்பத்திரிப் பெட்டிக்கும் போலீஸுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சம்பந்தம் இதுதான்: கேமரா இருந்தால் கண்ணுக்குத் தெரியும், துணி போட்டு மூடலாம். கையில் சுற்றிய பட்டையைக் கழற்றி எறியலாம். இந்தப் பெட்டியை, இருப்பது தெரிந்தால்தான் மறுக்கவே முடியும். வேலைக்கு வரும் அம்மாள், பார்க்க வந்த அத்தை எல்லாருடைய மூச்சும் அதில் ஏறும். அவர்களை யார் கேட்டார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. 2022-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் கதாபி குழு வெளியிட்ட ஆய்வு, தூங்கும்போது விடும் மூச்சை வைத்தே பார்க்கின்சன் நோய் இருப்பதை இயந்திர அறிவால் கண்டறியலாம் என்று காட்டியது. 7,671 பேரின் தரவு. மருத்துவத்துக்குப் பெரிய வரம். ஆனால் யோசியுங்கள். மூச்சை எண்ணத்தான் பெட்டியை மாட்டச் சம்மதித்தீர்கள். அது உங்களுக்கே தெரியாத வியாதியையும் படித்துவிடும் என்றால், அந்தச் செய்தி முதலில் யாருக்குப் போகும்? உங்களுக்கா, டாக்டருக்கா, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கா?

நர்ஸிங் பள்ளிகளில் ஒரு தந்திரம் சொல்லிக்கொடுப்பார்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மூச்சை எண்ண வேண்டும். அதுவும் ஒருவகையில் தெரியாமல் பார்ப்பதுதான். ஆனால், அது ஒரு நிமிடம். பார்க்கிறவர் பக்கத்தில் நிற்கிறார், கை நம் கையின் மேல் இருக்கிறது. பெட்டி 24 மணி நேரமும் பார்க்கும். அதன் பின்னால் இருப்பவர் யார் என்று நமக்குத் தெரியாது.

பி.காம். புத்திக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2022 செப்டம்பரில் அமேசான் 'ஹேலோ ரைஸ்' என்ற பெட்டியை அறிவித்தது. ரேடார் மூலம் தூக்கத்தில் மூச்சைக் கவனிக்கும், கட்டிலோரத்தில் வைக்கலாம். 2023 ஜூலையோடு அந்தப் பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தூக்கத்தைக் கணக்கிடும் பொம்மை என்றால் பரவாயில்லை. உயிரைக் காவல் காக்கும் பெட்டி, கம்பெனியின் காலாண்டுக் கணக்கை நம்பி இருக்கக் கூடாது.

*

அம்மா வீட்டுக்கு வந்த வாரம், நியூ ஜெர்சியிலிருந்து தம்பி போன் செய்தான்.

"அண்ணா, ரேடார் பெட்டி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். அம்மா ரூம் சுவத்துல மாட்டிடலாம். கேமரா கிடையாது. ஹார்ட் ரேட், ப்ரீத்திங் எல்லாம் என் போன்லயே வந்துடும். ஏதாவது கூடினா உடனே மணி அடிக்கும்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அவன் வைத்த பிறகு என்னிடம் கேட்டார்.

"அவன் போன்ல மணி அடிச்சா, அவன் என்னடா பண்ணுவான்?"

"எனக்குப் போன் பண்ணுவான்ம்மா."

"நீ ராத்திரி போனை எங்க வைக்கற?"

ஹாலில். சைலன்ட்டில்.

நான் பதில் சொல்லவில்லை. பெட்டியைப் பற்றி அதுவரை நான் படித்த எல்லாவற்றையும்விட, அந்தக் கேள்வி கனமாக இருந்தது. கருவியைக் குறை சொல்லி நான் இவ்வளவு எழுதியிருக்கிறேன். அன்றிரவு வார்டில் அது இருந்திருந்தால், தப்பும் தவறுமாகவாவது அந்த 26-ஐச் சொல்லியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு மாட்டுங்கள் என்கிறேன்.

ஒன்று: எண்ண முடியாதபோது பெட்டி என்ன செய்யும்? 'தெரியவில்லை' என்று கட்டத்தைக் காலியாக விட வேண்டும். தோராயமாக ஓர் எண்ணைப் போட்டு நிரப்பினால், அதற்கும் ராத்திரி ரெண்டே கால் மணி 18-க்கும் வித்தியாசமில்லை.

இரண்டு: மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் யார் வருவார்கள்? 'யாராவது' என்பது பதில் ஆகாது. ஒரு பெயர் வேண்டும்.

மூன்று: அதை அணைக்கும் ஸ்விட்ச் யார் கையில்? மூச்சு விடுகிறவர் கையில்தான் இருக்க வேண்டும். பணம் கட்டுகிற பிள்ளை கையில் அல்ல.

தம்பியிடம் மூன்றையும் கேட்டேன். முதலாவதற்கு கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறான். மூன்றாவதற்கு அம்மா தானே பதில் சொல்லிவிட்டார்: "ஸ்விட்ச் என் தலைமாட்டுல இருந்தா மாட்டட்டும்." இரண்டாவதற்கான பதில் நான். இப்போது போன் என் தலையணைக்குப் பக்கத்தில், சத்தத்தோடு இருக்கிறது.

பெட்டி இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் நீங்களும் செய்யக்கூடிய ஒரு காரியம் சொல்கிறேன். வீட்டில் வயசானவர் ஜுரமாகப் படுத்திருந்தால், அவர் தூங்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. வாட்ச்சைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 20-ஐத் தாண்டினால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள். 25-ஐத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நான் தினமும் ராத்திரி எண்ணுகிறேன். நேற்றைக்கு 16.